வண்டி நல்லா இருக்கு

ஜூன் 8

வசந்தாமணியைக் கோவை விமான நிலையத்தில் ஏற்றிவிட்டு ஈரோட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். டாக்ஸியில் போய், டாக்ஸியில் வந்தேன். சொந்த வண்டி போர்டிகோவில் பளபளவென்று நிற்கிறது. என்ன செய்ய, அதை ஓட்டுகிறவளே விமானத்தில் போய்விட்டாள். எனக்கு ஓட்டத் தெரியாது. நான் வேலை பார்த்த ஆபீஸ் வீட்டிலிருந்து இரண்டு தெரு. எதற்குக் கற்றுக்கொள்வது? அவள்தான் ஓய்வு பெறும்வரை சிவகிரிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. பஸ்ஸை நம்பி முடியாது என்று ஒன்பது வருடத்துக்கு முன் இதை வாங்கினாள். வெள்ளை நிறம், டீசல். சின்ன எஸ்யூவி என்று ஷோரூம்காரர் சொன்னார். உள்ளே ஏறினால் சின்னதாகத் தெரியாது.

டெக்சாஸில் இருக்கும் மகள் தாரணிக்கு முதல் பிரசவம். அம்மா போகாமல் யார் போவது? நவம்பர் கடைசியில் திரும்பி வருகிறாள்.

உள்ளே போகுமுன் அவள் சொன்னது இது. மறக்காமல் இருக்க எழுதிவைக்கிறேன். "ஏனுங்க, தெனமும் காலைல பத்து நிமிசம் வண்டிய ஸ்டார்ட் பண்ணி விடுங்க. இல்லீன்னா பேட்டரி எறங்கிரும். ஹேண்ட் பிரேக் போட்டே இருக்கட்டும், எடுத்துராதீங்க."

மாத்திரை நேரத்துக்குப் போடுங்கள் என்றும் ஏதோ சொன்னாள். கூட்டத்தில் சரியாகக் கேட்கவில்லை.

ஜூன் 10

ஸ்டார்ட் செய்தேன். பத்து நிமிடம். சத்தம் சீராக இருந்தது. போனில் சொன்னேன். சந்தோஷப்பட்டாள்.

ஜூன் 22

காலைக் காபியை இப்போது வண்டியிலேயே குடிக்கிறேன். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அதையாவது செய்யலாமே. எதிர்வீட்டு டாக்டர் புகை வருகிறதென்று ஜன்னலைச் சாத்துகிறார். சாத்தட்டும். அவர் வீட்டு நாய் குரைக்கும்போது நான் எதைச் சாத்தினேன்?

வசந்தா குள்ளம். சீட்டை நன்றாக முன்னால் தள்ளி வைத்திருக்கிறாள். என் முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கிறது. பின்னால் தள்ள ஒரு நெம்புகோல் இருக்கிறது. தள்ளவில்லை. அவள் வந்து மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும், வீண் வேலை.

ஜூலை 16

பேரன் பிறந்துவிட்டான். தாயும் பிள்ளையும் சுகம்.

மைசூர்பாகு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தேன். டாக்டர் வீட்டுக்கும்தான். வீடியோவில் பேசினார்கள். யாரோ போனை மேசையில் வைத்துவிட்டார்கள். வெகுநேரம் அந்த வீட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 24

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கடக் கடக் என்றது, பிறகு அதுவும் இல்லை. தினமும் விடாமல் ஸ்டார்ட் செய்தும் பேட்டரி போய்விட்டது. கடைக்காரர் புதியதை மாட்டிக்கொண்டே, "தெனமும் ஸ்டார்ட் பண்றீங்களா? நல்ல பழக்கமுங்" என்றார். ஆக என்மேல் குறை இல்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த வண்டி ஒன்பது வருடத்தில் வழியில் ஒரு தடவைகூட நின்றதில்லை. ஊட்டி ஏறியிருக்கிறது. வெள்ளம் வந்த வருடம் முட்டளவுத் தண்ணீரில் வசந்தாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. என் சகலை வாங்கிய வண்டி இவள் வண்டியைவிடப் பெரியது, மாதத்தில் பாதி நாள் மெக்கானிக் கடையில்தான் வாசம். இதை அவரிடம் சொல்லிக்காட்டும் வாய்ப்பை நான் விட்டதில்லை.

வசந்தாவிடம் பேட்டரி விஷயம் சொன்னேன். "நீங்க பாத்துக்குவீங்க, எனக்குத் தெரியும்" என்றாள். குழந்தை அழுதது. வைத்துவிட்டாள்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. வண்டியைக் கழுவினேன். சந்தனம், குங்குமம், முன்னால் சாமந்தி மாலை, பொரிகடலை, எல்லாம் அவள் செய்வது மாதிரியே. நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்தேன். கற்பூரம் காட்டினேன்.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. பழத்தின்மேல் வண்டியை ஏற்ற வேண்டுமே. வருடாவருடம் அவள் ஏறி உட்கார்ந்து ஓரடி நகர்த்துவாள், நான் கேட்டுக்கு வெளியே நின்று யாராவது வருகிறார்களா என்று பார்ப்பேன். இந்த வருடம் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். யார் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

வெட்கத்தை விட்டு எதிர்வீட்டு டாக்டரின் டிரைவரைக் கூப்பிட்டேன். ஏறியதும் முதல் வேலையாக சீட்டைச் சடாரென்று பின்னால் தள்ளினார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கியர் போட்டார். வண்டி உறுமியதே தவிர அசையவில்லை. இன்னும் அழுத்தினார். பின்பக்கம் தாழ்ந்தது, அவ்வளவுதான்.

"பின்னாடி பிரேக் புடிச்சிருச்சுங் சார். எத்தன மாசமா நகத்தல?"

பழம் நாலும் வைத்தபடியே இருந்தன.

மாலையில் வசந்தா கேட்டாள், "பூஜ நல்லா ஆச்சுங்களா? பழத்து மேல ஏத்துனீங்களா?"

"ஏத்தியாச்சு" என்றேன்.

அக்டோபர் 4

மெக்கானிக் பஷீர் வந்து பின் சக்கரங்களைக் கழற்றினார். ஹேண்ட் பிரேக் மாதக்கணக்கில் போட்டபடி இருந்ததால் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டதாம். போதாததற்குப் புகை போகும் வழியெல்லாம் கரி. ஓடாமல் நின்ற இடத்திலேயே இஞ்சின் உறுமினால் சூடு பத்தாதாம், கரி அடைக்குமாம்.

"அப்ப நான் தெனமும் ஸ்டார்ட் பண்ணுனது?"

"பண்ணாம இருந்திருந்தாக்கூட இவ்வளவு ஆயிருக்காதுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலில்கூட இறங்கி வந்து ஸ்டார்ட் செய்தேன். பஷீருக்கும் எல்லாம் தெரிந்துவிடவில்லை, டாக்டர் வீட்டு வண்டிக்கு அவர் மாட்டிய ஹாரன் இரண்டு நாளில் ஊமையாகிவிட்டது. ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொல்வது சரி என்றுதான் டிரைவரும் சொல்கிறார். வண்டி என்றால் வாரத்தில் ஒரு நாளாவது நன்றாக ஓடவேண்டுமாம்.

சீட்டை முன்னால் இழுத்துவைத்தேன். எந்த இடத்தில் இருந்தது என்று சரியாகத் தெரியவில்லை.

அக்டோபர் 12

ஞாயிறு. ஆக்டிங் டிரைவர் ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறேன். பெயர் தங்கமுத்து. நாற்பது வயது இருக்கும். நான் இடப்பக்கம் என் வழக்கமான சீட்டில் ஏறிக்கொண்டேன்.

"எங்கீங்க போகோணும்?"

"எங்கயும் போக வேண்டாம். வண்டி ஓடோணும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பைபாஸில் ஏறிப் பெருந்துறை தாண்டிக் கொஞ்ச தூரம் போய், ஒரு டீக்கடையில் டீ குடித்துத் திரும்பிவந்தோம். வண்டி பழையபடி வெண்ணெய் மாதிரி போகிறது. வசந்தாவிடம் சொன்னேன், பிரேக் கதையைத் தவிர.

நவம்பர் 17

விசாவை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்க மனு போட்டிருக்கிறார்கள். தாரணி வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தையை வேறு யார் பார்ப்பது? நியாயம்தான்.

"உங்களுக்குச் சங்கடமில்லீங்களே?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன. இங்க எல்லாம் நல்லாப் போகுது. வண்டிக்கு ஆயில் மாத்தியாச்சு."

மழை பிடித்துக்கொண்டது.

நவம்பர் 27

மூன்று நாளாக வண்டியைப் பார்க்கவில்லை. கால் கொஞ்சம் பிசகிவிட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை.

டிசம்பர் 7

"கால் என்னங்க ஆச்சு, வீங்கிக் கெடக்குது?" என்று தங்கமுத்து கேட்டார். படியில் தடுக்கியது என்றேன். டீக்கடைக்காரருக்கு நாங்கள் வாராவாரம் வருவது பழகிவிட்டது. "என்னுங்க, பெருந்துறைல வேலைங்களா?" என்று விசாரித்தார். நான் பதில் யோசிக்குமுன் தங்கமுத்து, "ஆமாங், சார் எடம் பாக்கறாரு" என்று சொல்லிவிட்டார். பொய்தான். ஆனாலும் நல்ல மனுஷன்.

டிசம்பர் 21

தங்கமுத்து வரவில்லை. கல்யாண சவாரியாம். போர்டிகோவில் வண்டிக்குள் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். ஸ்டார்ட் செய்யவில்லை.

ஜனவரி 16

மருமகன் பொங்கல் படங்கள் அனுப்பியிருக்கிறார். பட்டு வேட்டியில் பேரன். எலெக்ட்ரிக் அடுப்பில் பால் பொங்கல். கடைசிப் படத்தில் வசந்தா ஒரு காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிக்கிறாள்.

கேட்டேன். "அட, அதுங்களா? சும்மா பக்கத்துல கடைக்கு. அங்கிருந்து வர்றப்பவே வெளிநாட்டுல ஓட்டறதுக்கு லைசென்ஸ் எடுத்துட்டுத்தானுங்க வந்தேன்."

அவள் அந்த லைசென்ஸ் எடுத்தது எனக்குத் தெரியாது. அவள் ஓட்டுகிற அந்த வண்டியும் வெள்ளைதான். இதைவிடப் பெரிது.

நல்லா ஓட்டுகிறாளாம். ஓட்டட்டும். நான் எதற்கு வருத்தப்பட வேண்டும்? வருத்தமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 8

தாரணி பேசினாள். "நீங்களும் வந்துருங்கப்பா. ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்குது."

"நான் வந்துட்டா வண்டிய யாரு பாக்கறது?"

"சரிங்கப்பா" என்றாள்.

மார்ச் 15

வசந்தா இன்று சொன்னாள், வண்டியை விற்றுவிடலாமாம். தாராபுரத்தில் அவள் அண்ணன் மகன் கோகுல்நாத் கேட்கிறானாம். கல்யாணமானவன், குழந்தை இருக்கிறது, அவனுக்கு உபயோகப்படும். "சும்மா நிக்கறதுக்கு எதுக்குங்க?"

சும்மா நிற்கிறதா? வாராவாரம் ஓடுகிறது! பிரேக் புதிது, பேட்டரி புதிது, ஏசி ஐஸ் மாதிரி, பத்து வருடம் ஆகப்போகிறது ஒரு ஓட்டை உடைசல் சத்தம் இல்லை, இப்படி ஒரு வண்டி இனிமேல் கிடைக்காது என்று விடாமல் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல, "அப்டீன்னா கோகுலு சந்தோசமா எடுத்துக்குவானுங்க" என்கிறாள்.

நல்ல வண்டி என்று நானே விற்றுக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

மார்ச் 16

இந்த வண்டி போய்விட்டால் அவள் வந்து ஓட்ட இங்கே என்ன இருக்கிறது? அதை அவளும் யோசித்திருப்பாள். யோசிக்காமல் சொல்கிறவள் இல்லை.

வரமாட்டாள். அதற்குத்தான் விற்கச் சொல்கிறாள்.

ஏப்ரல் 12

வருகிறாளாம். விசாக் கெடு முடியுமுன் மே முதல் வாரம் கிளம்பி வருகிறாள். நாலு வாரம் இங்கே. திரும்பிப் போகவும் டிக்கெட் போட்டாயிற்று. அதற்குள் வண்டியைக் கோகுல்நாத் பெயருக்கு மாற்றிவிடலாம் என்கிறாள். வண்டி அவள் பெயரில் இருக்கிறது, அவள்தான் கையெழுத்துப் போடவேண்டும்.

தங்கமுத்துவிடம் சொன்னேன். "அப்ப ஞாயித்துக்கெழம சவாரி இல்லீங்களா சார்?" என்று கேட்டார்.

மே 6

காலையிலேயே தங்கமுத்துவுடன் கோவை விமான நிலையம் போய்க் காத்திருந்தேன். வண்டிக்கு வாட்டர் சர்வீஸ் செய்து, உள்ளே மிதியடியெல்லாம் உதறிப் போட்டிருந்தேன். இளைத்திருக்கிறாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு வண்டியைப் பார்த்தாள்.

"குடுங்க தம்பி, நானே ஓட்டறேன்" என்று தங்கமுத்துவிடம் சாவியை வாங்கினாள். விறுவிறுவென்று நடந்துபோய் இடப்பக்கக் கதவைத் திறந்தாள். நான் ஏறுவதற்காக அதே கதவருகில் நின்றிருந்தேன். உள்ளே ஸ்டியரிங் இல்லை. ஒரு கணம் விழித்தாள்.

"அட! அங்க லெப்ட்ல உக்காந்து ஓட்டிப் பழகிருச்சுங்க."

சிரித்துக்கொண்டே சுற்றி அந்தப் பக்கம் போனாள். தங்கமுத்துவும் சிரித்தார். பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓட்டுகிறவளுக்குக் கை அப்படிப் பழகாது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 9

இரண்டு டம்ளர் காபி. அரைத்துவிட்ட குழம்பு. வீட்டில் ஆள் நடமாடும் சத்தம்.

வண்டியில் காய்கறி மார்க்கெட் போய்வந்தோம். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்றாள். பிரேக்கைப் பற்றி அவளிடம் நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

மே 14

கோகுல்நாத் போன் செய்தான். இருபதாம் தேதி தாராபுரத்தில் வைத்துக்கொள்ளலாமாம், நல்ல நாளாம். நானும் சரி என்றேன். சரி என்பதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

மே 20

காலையில் வண்டிக்கு அவள் குங்குமம் வைத்தாள். நான் கழுவினேன். பின்சீட்டில் கிடந்த அவள் குடை, நான் படித்துப் போட்ட பழைய பேப்பர்கள் எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு.

அறச்சலூர், காங்கேயம். அவள் ஓட்ட நான் பக்கத்தில். நல்ல வெயில். ஆளுக்கொரு யோசனை. காங்கேயம் தாண்டியதும் காற்றாலைகள் தெரிய ஆரம்பித்தன.

"கோகுலு நல்லா வெச்சுக்குவானுங்களா?" என்றாள்.

"வெச்சுக்கட்டும். பிரேக் புதுசு. பேட்டரி ஒரு வருசம் ஆகல. டயரு மட்டும் அடுத்த..."

"போதுங்க."

அவள் இப்படி வெட்டிப் பேசுகிறவள் இல்லை.

"ஒரு வருசமா இதையேதானுங்க கேட்டுட்டு இருக்கறேன். எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, வண்டி நல்லா இருக்குதுன்னு சொல்றீங்க. சாப்ட்டீங்களான்னா, டீசல் போட்டாச்சுங்கறீங்க. எப்ப வருவேன்னு ஒரு தடவ நீங்க கேக்கல. விசாவ நீட்டறது உங்களுக்குச் சங்கடமான்னு கேட்டப்ப ஆயில் மாத்துன கதையச் சொன்னீங்க. அங்க வாங்கன்னு தாரணி கூப்புட்டா, வண்டிய யாரு பாக்கறதுங்கறீங்க. சரி, நான் இல்லாமயே மனுசன் நிம்மதியாத்தான் இருக்காருன்னு நெனச்சுட்டேன். இந்த வண்டி ஒண்ணுதான் பாரமா இருக்குது, அதையும் எறக்கி வெச்சரலாம்னு பாத்தேன்."

முன்னால் ஒரு கரும்பு லாரி போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டது.

"வண்டி நல்லாத்தான் இருக்குது," என்றேன். "நான் நல்லா இல்ல, வசந்தா."

பிரேக்கை அழுத்திவிட்டாள். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான். ஓரமாக ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினாள்.

சொன்னேன். வரிசையாக வரவில்லை, வந்ததையெல்லாம் சொன்னேன். எலுமிச்சம்பழத்தின்மேல் வண்டி ஏறவில்லை என்பதை. தங்கமுத்து வராத ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போனதை. நவம்பர் மழையில் குளியலறையில் வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமல், பால்காரர் மணியடித்துப் பார்த்துவிட்டுப் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஈரத்திலேயே கிடந்ததை. கத்தினேன், மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அதை இந்த டைரியில்கூட நான் எழுதவில்லை. அன்று சாயங்காலம் அவள் போன் செய்தபோது, வைப்பர் பிளேடு மாற்றவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தேன்.

"நீ போகாத வசந்தா" என்றேன். "முடியலைன்னா என்னயும் கூட்டிட்டுப் போ. எப்படியோ ஒண்ணு."

அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்கும் அங்க நல்லா இல்லீங்க," என்றாள். "நல்லாத்தான் பாத்துக்கறாங்க, குத்தம் சொல்லக் கூடாது. ஆனா லீவு நாள்ல அவிய மூணு பேரும் ஒண்ணா இருக்கறப்ப நான் எதுக்கு நடுவுலன்னு, கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துக்குவேன். கடைக்கெல்லாம் போகமாட்டேனுங்க. ரோடு போற வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வருவேன். அதுலதான் அப்படிக் கை பழகிருச்சு."

லாரிகள் போகும்போதெல்லாம் வண்டி லேசாக ஆடியது.

போன் அடித்தது. கோகுல்நாத். அவள் என்னைப் பார்த்தாள், எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

"மாமா, எங்க வந்துட்டு இருக்கீங்க? எல்லாம் ரெடிங்க."

"கோகுலு, தப்பா நெனச்சுக்காத. வண்டி குடுக்கறதா இல்லப்பா."

"ஏனுங் மாமா, வண்டில ஏதாச்சும் கோளாறுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எங்களுக்கு வேணும்."

வசந்தா இண்டிகேட்டரைப் போட்டாள். இரண்டு பக்கமும் வண்டிகள் போய் முடியும்வரை காத்திருந்து, ஈரோட்டுப் பக்கம் திருப்பினாள்.